சமூகவியலில் எம்.ஏ. படிக்க விரும்புபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளங்கலை முடித்த மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், சில வேளைகளில் பணியில் இருந்துகொண்டே மீண்டும் படிக்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பாடத்தைப் படித்தவன், கற்பிப்பவன் என்ற இரு நிலைகளிலிருந்தும் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான செய்திகள் இந்தியப் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை.

எம்.ஏ. சமூகவியலில் உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள்?

பெரும்பாலான பாடத்திட்டங்களில் மூன்று தூண்கள் இருக்கும். முதலாவது கோட்பாடு, அதாவது சமூகம் எப்படி இயங்குகிறது என்று விளக்க முயன்ற சிந்தனையாளர்களின் கருத்துகள்: மார்க்ஸ், டர்கைம், வெபர் ஆகிய மூவரில் தொடங்கி, பார்சன்ஸ், மெர்ட்டன் வழியாக பூர்தியூ, ஃபூக்கோ வரை வருவது. இரண்டாவது இந்தியச் சமூகம்: சாதி, குடும்பம், உறவுமுறை, வேளாண் உறவுகள், சமயம், நகரமயமாதல் ஆகியவை. மூன்றாவது ஆய்வுமுறை. இவற்றோடு பாலினம், கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், ஊடகம், வளர்ச்சி போன்றவற்றில் சில விருப்பப் பாடங்களும், பல இடங்களில் மாணவரே ஒரு கேள்வியை எடுத்து ஆய்ந்து எழுதும் ஓர் ஆய்வேடும் உண்டு.

ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் படித்தால் பாடத்தின் உயிர் பிடிபடாது. திருமணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது அந்தக் குடும்பத்தின் சொந்த விருப்பம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமக்கள் தேவைப் பகுதியை விரித்துப் பார்த்தால், ஒருவரை ஒருவர் அறியாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தத்தம் சொந்த விருப்பம் என்று நம்பிக்கொண்டு, சொந்தச் சாதிக்குள் என்ற ஒரே வேலியை அடைத்துக்கொண்டிருப்பது தெரியும். 1916 மே மாதம், 25 வயது மாணவராக இருந்த அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணமே, அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதே என்று வாதிட்டார். சாதி என்றால் தீட்டு, தொழில், உணவு என்று பிறர் அடுக்கிக்கொண்டிருந்தபோது, சாதியைச் சாதியாக நிலைநிறுத்துவது திருமண ஏற்பாடுதான் என்று அவர் சுட்டிக்காட்டினார். தனிமனிதர் முடிவாகத் தோன்றும் ஒன்றில் சமூகத்தின் கையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம். டர்கைம் 1897இல் தற்கொலையைப் பற்றி எழுதியபோது செய்ததும் இதுவே: மிக அந்தரங்கமான ஒரு செயலின் விகிதம், மதத்துக்கு மதம், மணமானவர்க்கும் மணமாகாதவர்க்கும் இடையில், ஏன் இவ்வளவு ஒழுங்காக வேறுபடுகிறது என்று கேட்டார்.

இளங்கலையில் சமூகவியல் படிக்கவில்லை. சேர முடியுமா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முடியும். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்பதே பரவலான விதி. சில இடங்களில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்பார்கள். பொறியியல், வணிகவியல், தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்தவர்களை வகுப்பில் பார்த்திருக்கிறேன். முதல் பருவத்தில் அவர்கள் திணறுவது உண்மை. இரண்டாம் பருவத்திலிருந்து வேறுபாடு மறைந்துவிடும். இலக்கியம் படித்தவர்களுக்குக் கள ஆய்வுக் குறிப்பு எழுதுவது எளிதாக வருகிறது என்பதும் என் கவனிப்பு.

படிப்புக் காலம் வழக்கமாக இரண்டு ஆண்டுகள். நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுகலை என்ற ஏற்பாட்டைப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளங்கலையே வழக்கம் என்பதால், இங்கிருந்து செல்பவர்கள் இரண்டு ஆண்டுகள் என்றே திட்டமிட வேண்டும்.

சமூகப்பணிக்கும் சமூகவியலுக்கும் என்ன வேறுபாடு?

சமூகப்பணி ஒரு தொழிற்கல்வி. வாரத்தில் சில நாட்கள் மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் மேற்பார்வையோடு பணிப்பயிற்சி செய்வது அதன் முதுகெலும்பு. குடிப்பழக்கத்தால் சிதையும் ஒரு குடும்பத்துக்கு என்ன உதவி செய்யலாம் என்று சமூகப்பணி கேட்கும். எந்தத் தொழிலில், எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் குடி பெருகியது, அதற்கும் கூலி முறைக்கும் என்ன தொடர்பு என்று சமூகவியல் கேட்கும். இரண்டும் தேவை. மக்களோடு நேரடியாக வேலை செய்யும் ஆசை உங்களிடம் மேலோங்கி இருந்தால் தயங்காமல் சமூகப்பணியில் சேருங்கள். சமூகவியலில் சேர்ந்துவிட்டு, இதில் தீர்வு சொல்லித் தருவதில்லையே என்று வருந்திய மாணவர்கள் உண்டு.

மானிடவியலுக்கும் சமூகவியலுக்கும் உள்ள எல்லைக்கோடு இந்தியாவில் மிக மெல்லியது. நம் நாட்டின் முதன்மையான சமூகவியலாளர்கள் பலர் மானிடவியல் முறையில் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தவர்களே.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் சமூகவியலுக்கு முதலில் தனித் துறை கண்டது பம்பாய்ப் பல்கலைக்கழகம். 1919இல் பாட்ரிக் கெட்டிஸ் தலைமையில் அது தொடங்கியது. பின்னர் அங்கே ஜி.எஸ். குர்யே ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். அவருடைய மாணவர்களில் ஒருவரான மைசூரைச் சேர்ந்த எம்.என். சீனிவாஸ் 1959இல் டெல்லிப் பொருளாதாரப் பள்ளியில் சமூகவியல் துறையைத் தொடங்கினார். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக அமைப்புகள் ஆய்வு மையம் 1971இல் தோன்றியது. இவற்றோடு ஹைதராபாத் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவையும் தமிழ் மாணவர்கள் விரும்பிச் செல்லும் இடங்கள். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், பெரியார் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் துறைகள் உள்ளன.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 2022 முதல் நடத்தப்படும் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கின்றன. அதற்கான விண்ணப்பம், கல்லூரி இறுதித் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும் என்பதால், இறுதியாண்டில் இருப்பவர்கள் குளிர்காலத்திலேயே விழிப்பாக இருக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக விண்ணப்பம் பெறுகின்றன.

பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். துறையில் இப்போது எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எதில் ஆய்வு செய்கிறார்கள், ஆய்வேடு கட்டாயமா, நூலகம் மாலையிலும் திறந்திருக்குமா என்று அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். நான் படித்த இடத்தில் ஒரு பருவம் முழுவதும் கோட்பாட்டுத் தாளுக்கு ஆசிரியரே இல்லாமல் போனது. அந்த இழப்பை ஈடுகட்ட எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

தமிழ்வழியில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் இத்தனை நூல்களை எப்படிப் படிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. வாசிப்புப் பட்டியல் ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதும், முதல் ஆறு மாதங்கள் கடினம் என்பதும் உண்மை. வெபரின் ஒரு பத்தியில் முட்டி நிற்பது ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் நேர்வதுதான், அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் போதும். அந்த ஐந்து பக்கத்தில் ஆசிரியர் யாரோடு வாதிடுகிறார், எதை நிறுவ முயல்கிறார், என்ன சான்று தருகிறார் என்று அரைப் பக்கம் தமிழில் எழுதிவையுங்கள். தமிழில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பகுதி இன்னும் புரியவில்லை என்று பொருள். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன.

இதன் மறுபக்கத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தமிழ் உங்களுக்கு இந்தப் பாடத்தில் சொத்து. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1949, 1950 ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். அப்பாவின் தங்கையையும் மாமியாரையும் ஒரே ‘அத்தை’ என்கிறோம். அம்மாவின் அண்ணனையும் மாமனாரையும் ஒரே ‘மாமா’ என்கிறோம். நாம் யோசிக்காமல் சொல்லும் இந்தச் சொற்களை அவர் யோசித்தார். திராவிட உறவுச்சொற்கள் உலகத்தைப் பங்காளி, சம்பந்தி என்று இரண்டாகப் பிரிக்கின்றன என்றும், சம்பந்த உறவு ஒரு தலைமுறையோடு முடியாமல் அடுத்த தலைமுறைக்கும் மரபாகக் கைமாறுகிறது என்றும் 1953இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். உலகெங்கும் உறவுமுறை ஆய்வில் இன்றும் விவாதிக்கப்படும் கருத்து அது. அவர் மாதக்கணக்கில் பாடுபட்டுக் கற்ற அந்தச் சொற்கள், வீட்டுக் கூடத்தில் வளர்ந்தபோதே உங்களுக்கு வந்துவிட்டவை.

கோட்பாட்டுத் தாள்கள் மிகவும் கடினமா?

கடினம்தான். வழிகாட்டி நூல்களிலிருந்து வரையறைகளை மனப்பாடம் செய்தால் மேலும் கடினமாகும். ஒரு கோட்பாட்டைப் படித்த அன்றே, அது பொருந்தும் ஒரு காட்சியையும் பொருந்தாத ஒரு காட்சியையும் உங்கள் ஊரிலிருந்து எழுதிப் பாருங்கள். தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியினரின் பழக்கங்களைக் கைக்கொண்டு உயர்நிலை கோருவதை ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்று சீனிவாஸ் 1952இல் விளக்கினார். அசைவம் படைத்து வழிபட்ட குலதெய்வக் கோயிலில் இப்போது பொங்கல் மட்டும் வைக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தலாம். அதே மாவட்டத்தில் புரோகிதரே இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளும் குடும்பத்துக்கு என்ன விளக்கம் தருவீர்கள்? அந்த இடத்தில்தான் உங்கள் சொந்தச் சிந்தனை தொடங்கும்.

ஆய்வேடு விருப்பப் பாடமாக இருந்தால் அதைத் தவிர்க்கலாமா?

தவிர்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா ஆலோசனைகளிலும் ஒன்றை மட்டுமே ஏற்பீர்கள் என்றால், இதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்குப் பதிலாக இன்னொரு தாளை எழுதினால் மதிப்பெண் கூடலாம். ஆனால் ஒரு கேள்வியை நீங்களே உருவாக்கி, அதற்காக வெயிலில் அலைந்து, கிடைத்த பதில் எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கும்போது என்ன செய்வது என்று கற்கும் வாய்ப்பு வேறு எந்தத் தாளிலும் இல்லை.

தலைப்பைச் சிறியதாக வையுங்கள். ‘தமிழ்நாட்டில் புலம்பெயர் தொழிலாளர்கள்’ என்பது நூறு பேர் செய்ய வேண்டிய ஆய்வு. ‘திருப்பூரில் ஒரு தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாத் தொழிலாளர்கள் நோய்வாய்ப்பட்டால் யாரிடம் கடன் வாங்குகிறார்கள்’ என்பது நான்கு மாதத்தில் ஒருவர் செய்யக்கூடியது.

நேர்காணலில் கேட்ட சொற்களை அப்படியே தமிழில் எழுதிவையுங்கள்; மொழிபெயர்ப்பைக் கடைசிக்கு வையுங்கள். நான் எம்.ஏ. படித்தபோது கள நோட்டில் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதினேன். ஒரு முதியவர் ‘ஊருக்கெல்லாம் குழாய் வந்தாச்சு’ என்றார். கிராமம் முழுவதற்கும் குடிநீர் வந்துவிட்டது என்று பொருள்படும்படி எழுதிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, அதே ஊராட்சியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் குடத்தோடு நடப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது: அவர் சொன்ன ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் பட்டியல் சாதியினர் வாழும் பகுதி இல்லை, அதற்கு ‘காலனி’ என்று வேறு பெயர் இருந்தது. ஒரு சொல்லை மொழிபெயர்த்த அவசரத்தில், ஆய்வின் மையமாக இருந்திருக்க வேண்டிய செய்தியையே அழித்திருந்தேன். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எனக்கு அந்தப் பழைய நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

சொந்த ஊரிலேயே கள ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், அதற்கு இங்கே நூறாண்டு மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அன்றைய தென்னாற்காட்டின் இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் போன்ற ஊர்கள் அப்படித்தான் ஆய்வுக்குள் வந்தன. 1930களிலும் அதற்குப் பின்னும் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று மாற்றங்களைப் பதிவு செய்தார்கள்.

ஆனால் சொந்த ஊரில் நீங்கள் வெறும் ஆய்வாளர் அல்ல. இன்னார் மகன், இன்னார் பேத்தி. சிலர் வீட்டுக் கதவு தானாகத் திறக்கும், சிலர் உங்களிடம் வாயே திறக்க மாட்டார்கள். இது வெளியாருக்கும் நேரும். 1961இல் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்ட கிராமத்தில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அங்கே தங்கியதாலேயே சேரிக்குச் சென்று இயல்பாகப் பழகுவது தமக்கு இயலாமல் போனதைப் பின்னர் அவரே எழுதினார். ஆகவே நீங்கள் எங்கே தங்கினீர்கள், யார் உங்களை அறிமுகப்படுத்தினார்கள், யாரிடம் பேச முடியவில்லை என்பதை ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் மறைக்காமல் எழுதுங்கள். பேசியவர்களின் பெயரையும், தேவையானால் ஊரின் பெயரையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். பேசியவர்கள் அங்கேயே வாழ வேண்டியவர்கள்.

கணக்கு வராது. புள்ளியியல் இருக்குமா?

இருக்கும், பயப்படும் அளவுக்கு இருக்காது. சராசரி, பரவல், தொடர்பு, மாதிரித் தேர்வு ஆகியவற்றைப் பொருளுணர்ந்து கற்றால் போதும். 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணிய முழுமையான கணக்கெடுப்பின் எண்கள் நாட்டளவில் வெளியாகவில்லை என்பது போன்ற செய்திகளின் கனம், எண்களோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

தொலைநிலைக் கல்வியில் படிப்பது பயனுள்ளதா?

வேலையில் இருப்பவர்களுக்கும் குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கும் நிச்சயமாகப் பயனுள்ளது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சமூகவியலை எந்தப் பட்டதாரியும் படிக்கலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் நான்கு ஆண்டுகள். அதன் பாடநூல்கள் இ-ஞானகோஷ் என்ற இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரடி வகுப்பில் படிப்பவர்களும் அவற்றைப் படிக்க வேண்டும் என்பேன். தொலைநிலைக் கல்வியில் குறைவது வகுப்பறை விவாதம். அதனால் மாதம் ஒரு முறையேனும் கூடிப் பேச இரண்டு, மூன்று பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.

நெட் தேர்வு, முனைவர் பட்டம் பற்றிச் சொல்லுங்கள்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்வில் இரண்டு தாள்கள்: பொதுத்தாளில் 50 கேள்விகள், பாடத்தாளில் 100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. சமூகவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் மாணவர்களுக்கு இது நியாயமில்லாத சுமை என்பது என் உறுதியான கருத்து.

இதே தேர்வின் வழியே முனைவர் பட்ட ஆய்வுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வீதப்படி மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி எம்.பில். நிறுத்தப்பட்டுவிட்டது, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். சென்னையில் 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்ச் சமூகத்தைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புபவர்கள் அறிந்திருக்க வேண்டிய இடம்.

குடிமைப் பணித் தேர்வுக்கு இது உதவுமா?

சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் முதன்மைத் தேர்வில் 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள். விடைகளைத் தமிழில் எழுதலாம். முதுகலைப் படிப்பு அடித்தளம் தரும், ஆனால் எம்.ஏ. வகுப்பை அந்தத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பாக மட்டும் கருதுபவர்கள் இரண்டிலும் பாதியே பெறுகிறார்கள்.

படித்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நேர்மையான பதில் அவர்களுக்கு உரியது. பட்டச் சான்றிதழைக் காட்டியவுடன் கிடைக்கும் வேலைகள் குறைவு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இடங்கள் மிக அரிது. கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்பட ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்றவற்றின் ஒப்பந்தப் பணிகளுக்குச் சமூகப்பணியோடு சமூகவியல் பட்டத்தையும் ஏற்கிறார்கள். அரசுத் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வுகள், தொண்டு நிறுவனங்கள், 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடு, இதழியல், நிறுவனங்களின் பயனர் ஆய்வு ஆகியவற்றில் வாய்ப்புகள் உண்டு. அங்கெல்லாம் கேட்பது ஒன்றுதான்: ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கி, களத்துக்குப் போய், தரவைச் சேர்த்து, தெளிவான அறிக்கை எழுத உங்களால் முடியுமா? ஆய்வேட்டைத் தவிர்க்காதீர்கள் என்று மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம். குடும்பத்தின் பொருள்நிலை உடனடி வருமானத்தைக் கோருமானால், தொலைநிலையில் படித்துக்கொண்டு வேலையில் சேர்வது பிழையே அல்ல.

சேர்வதற்கு முன் உள்ள மாதங்களில் என்ன செய்யலாம்?

நூல்களை இப்போதே வாங்கிக் குவிக்க வேண்டாம். உங்கள் தெருவின் வரைபடத்தைக் கையால் வரையுங்கள்: எந்த வீடு யாருடையது, யார் எந்த ஆண்டு குடிவந்தார்கள், எந்தக் கோயில் யாருக்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாலையில் ஆண்கள் எங்கே உட்காருகிறார்கள், பெண்கள் எங்கே நின்று பேசுகிறார்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவருடைய கல்யாணம் எப்படி முடிவானது என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். எழுதியதற்குப் படி எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள். 1970இல் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது சீனிவாஸின் கள ஆய்வுக் குறிப்புகள் தீவைப்பில் எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் தம் மைசூர் கிராமத்தைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது, நூலகத்துக்குப் போகும் முன் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.